வளவுக்குள் ஒரு ரயில் பாதை: ஓடவைப்பது சுலபம், நிறுத்துவதுதான் வேலை

ஆட்கள் ஏறி ஓடக்கூடிய சிறிய ரயில் ஒன்றை வீட்டு வளவுக்குள் அமைத்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எவ்வளவு வேகம் போகும், புகை வருமா, கூவுமா என்பார்கள். பாதையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பிரேக்கைப் பற்றி வளர்ந்தவர்கள் எவருமே இதுவரை கேட்டதில்லை. ஆனால் வேலையில் முக்கால்வாசி அந்த இரண்டில்தான் இருந்தது. அதனால் எஞ்சினுக்கு இங்கே கொஞ்ச இடம்தான் கொடுக்கப்போகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு புதியதல்ல. இங்கிலாந்தின் டார்பிஷயரில் சேர் ஆதர் ஹேவூட் என்ற செல்வந்தர் 1874 இல் தன் வீட்டுக் காணிக்குள் 15 அங்குல அகலப் பாதை ஒன்றை அமைக்கத் தொடங்கினார். பண்ணைகளுக்கும் பெரிய தோட்டங்களுக்கும் சாமான் ஏற்ற எவ்வளவு ஒடுங்கிய பாதை போதும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு முன்பு 9 அங்குலத்தில் ஒன்றைச் செய்து பார்த்து, ஆட்கள் ஏறினால் அது நிலைகொள்ளாது என்று கண்டிருந்தார். இன்று வீட்டுத் தோட்டங்களில் ஓடுபவை அதிலும் ஒடுங்கியவை. 5 அங்குலமும் ஏழேகால் அங்குலமும்தான் பரவலான அளவுகள். ஹேவூட் கைவிட்ட அளவைவிடச் சிறியதில் இவை எப்படிக் கவிழாமல் ஓடுகின்றன என்றால், தாழ்வாக இருப்பதாலும் மெதுவாகப் போவதாலும்தான். இரண்டில் ஒன்றை விட்டாலும் கவிழும்.

அதற்கு உலகறிந்த உதாரணம் வோல்ட் டிஸ்னியின் ரயில். 1950 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வளவுக்குள் ஏழேகால் அங்குலப் பாதையை அவர் போட்டார். ஏறத்தாழ 800 மீற்றர் நீளம், மரப்பாலம், சுரங்கம் எல்லாம் இருந்தன. உண்மையான நீராவி எஞ்சினுக்கு மனைவியின் பெயரைத் தழுவி லில்லி பெல் என்று பெயர். 1953 இல் விருந்தினர் ஒருவர் ஓட்டியபோது வளைவொன்றில் வேகம் கூடி எஞ்சின் தடம்புரண்டது. கசிந்த நீராவியில் ஒரு சிறுமிக்குச் சுட்டுக் காயம் ஏற்பட்டது. டிஸ்னி அந்த ரயிலை நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் திறந்த டிஸ்னிலாண்டைச் சுற்றி ஓடிய ரயில் 3 அடி அகலப் பாதையில் போனது.

நான் ஏழேகால் அங்குலத்தைத் தெரிவுசெய்தேன். மில்லிமீற்றரில் 184. நம் நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீற்றர் என்பதால் அதில் ஒன்பதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். (முன்பு களனிவெளிப் பாதை 762 மில்லிமீற்றர் ஒடுக்கப் பாதையாக இருந்தது. அந்த எஞ்சின்களைப் பார்த்துச் செய்தால் இதே பாதையில் நாலில் ஒரு பங்கு அளவில் பெரிய எஞ்சின் கிடைக்கும். ஆசை இருக்கிறது, காசில்லை.) 5 அங்குலத்தில் இரும்பு குறைவாகப் போகும், ஆனால் ஓடப்போவது பிள்ளைகள். இருக்கையில் இருக்கும் ஒருவரின் பாரமையம் தண்டவாளத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதையின் பாதி அகலம் 9.2 சென்ரிமீற்றர். பெட்டியும் ஆளும் சேர்ந்து 10 பாகை சரிந்தாலே அந்த மையம் தண்டவாளத்துக்கு வெளியே போய்விடும். இருக்கையை 15 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் அது 15 பாகை அளவுக்கு வரும். அதனால்தான் இந்த ரயில்களின் பெட்டிகள், குதிரையில் ஏறுவதுபோல் இரு பக்கமும் கால்போட்டு இருக்கும் தாழ்ந்த வாங்குகள்போல இருக்கின்றன. கால்வைக்க இரு பக்கமும் பலகை கட்டாயம். தொங்கும் கால் நிலத்தில் முட்டினால் சில்லுக்குப் பக்கத்தில்தான் மடியும்.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. எங்கள் வளைவுகள் 8 மீற்றர் ஆரை கொண்டவை. மணிக்கு 8 கிலோமீற்றரில் போகும்போது பக்கவாட்டு இழுவை ஆளின் பாரத்தில் 6 வீதம் அளவில்தான் இருக்கும். ஒருவரும் அதை உணரமாட்டார்கள். வேகத்தை இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். பாரமையம் 50 சென்ரிமீற்றரில் இருக்கும் ஆள் ஆடாமல் அசையாமல் இருந்தாலும் மணிக்கு 14 கிலோமீற்றருக்கு முன்பே உள்பக்கச் சில்லு தூக்கும். அது சாவகாசமாகச் சைக்கிள் உழக்கும் வேகம். எங்கள் எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 8 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சிறிய புரியாணிக் கருவி வீட்டுக்குள் இருக்கிறது.

இனிப் பாதை. வீட்டின் பின்புறம் இரண்டு பரப்புக் காணி. நீள்வட்டமாக, 8 மீற்றர் ஆரையில் இரண்டு அரைவட்டங்களும் அவற்றை இணைக்க 8 மீற்றர் நேர்ப்பாதைகள் இரண்டும். சுற்று 66 மீற்றர். 25 மில்லிமீற்றர் உயரமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டை இரும்பை நிமிர்த்தி வைத்தால் அதுவே தண்டவாளம். 6 மீற்றர் நீளத்தில் 22 பட்டைகள், ஏறத்தாழ 260 கிலோ. முழுச் செலவில் பாதிக்கு மேல் இந்த இரும்புக்கும் அதற்குக் கீழே போட்ட கல்லுக்கும்தான் போனது.

இரும்பை வளைக்க உருளை இயந்திரம் வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். 10 மில்லிமீற்றர் தடிப்பை 8 மீற்றர் ஆரைக்கு வளைக்கும்போது இரும்பு தன் மீள்தன்மை எல்லையைத் தாண்டுவதே இல்லை. இரண்டு பேர் கையால் வளைத்துப் பிடிக்கலாம். ஆனால் விட்டால் நிமிர்ந்துவிடும். பட்டையின் நடுப்பகுதியைக் குறுக்குச் சட்டங்கள் பிடித்து வைத்திருக்கும், இரண்டு நுனிகளும் மட்டும் நேராகப் போகப் பார்க்கும். அப்படி விட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிறிய முழங்கை உருவாகும். சில்லு தடம்புரள்வது பெரும்பாலும் அங்கேதான். அதனால் ஒட்டுவதற்கு முன்பே பட்டறையில் ஒவ்வொரு நுனியிலும் 30 சென்ரிமீற்றரைக் கட்டாயமாக வளைத்து எடுத்தோம். இன்னொன்று, வெளிப்பக்கத் தண்டவாளம் உள்பக்கத்தைவிடச் சுற்றுக்கு 1.2 மீற்றர் நீளமாக வேண்டும். வட்டம் பெரிதானால் இந்த வித்தியாசமும் கூடும் என்றுதான் தோன்றும், கூடாது. 8 மீற்றர் ஆரையிலும் 800 மீற்றர் ஆரையிலும் அதே 1.2 மீற்றர்தான், ஏனென்றால் அது பாதையின் அகலத்தை மட்டுமே பொறுத்தது.

குறுக்குச் சட்டத்துக்குப் பனைமரம் நல்லது என்று ஊரில் சொன்னார்கள். வைரமேறிய கறுப்புப் பனையைக் கறையான் தொடாது, உண்மைதான். ஆனால் நார்மரம் என்பதால் ஓரத்தில் ஆணி ஏறினால் பிளக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே துளை போடவேண்டும். நான் இரும்புச் சட்டங்களை 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஒட்டி, 6 மீற்றர் ஏணிகளாகச் செய்து, துருத்தடுப்பு வர்ணம் இரண்டு பூச்சு பூசினேன். கடற்காற்று வரும் ஊரில் அந்த இரண்டாவது பூச்சை மிச்சம் பிடிக்கக்கூடாது.

எங்கள் செம்மண் கோடையில் கல்லுப்போல் இருக்கும், மாரியில் களியாகும். அதன்மேல் ஏணியை அப்படியே வைத்தால் ஒரே மழையில் ஒரு பக்கம் இறங்கிவிடும். 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, நீர் வடியக்கூடிய செயற்கைத் துணி விரித்து, அதன்மேல் கருங்கல் சல்லி போட்டேன். துணி இல்லாவிட்டால் சேறு கீழிருந்து கல்லுக்குள் ஏறும். உள்ளூர்ச் சுண்ணக்கல் மலிவு, ஆனால் நாளடைவில் மாவாகி நீர் வடியும் வழியை அடைத்துவிடும். கருங்கல்லின் கூரான முனைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். பெரிய ரயில் பாதையிலும் கல்லின் வேலை இதேதான்: பாரத்தைப் பரப்புவது, நீரை வடியவிடுவது, பாதை பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது. மட்டம் பார்க்க மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் ரியூப் போதும். இரண்டு தண்டவாளங்களில் ஒன்று குறுகிய தூரத்துக்குள் மூன்று நான்கு மில்லிமீற்றர் தாழ்ந்தாலும், விறைப்பான சட்டத்தில் பூட்டிய நான்கு சில்லுகளில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதனால் சில்லுச் சட்டங்களுக்குச் சுருள்வில் போட்டிருக்கிறோம்.

வெயிலும் கணக்கில் வரவேண்டும். விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் வெறும் இரும்பின் வெப்பம் 35 பாகை உயர்ந்தால், 6 மீற்றர் பட்டை இரண்டரை மில்லிமீற்றர் நீளும். சுற்று முழுவதும் சேர்த்தால் 28 மில்லிமீற்றர். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் அந்த நீளம் பாதையை ஒரு பக்கமாகத் தள்ளி வளைக்கும். பழைய கோச்சிகளின் தடக் தடக் சத்தம் இந்த இடைவெளிகளால் வந்ததுதான். எங்கள் ரயிலிலும் அது கேட்கிறது. வயதானவர்கள் ஏறினால் அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

சில்லுகள் ஏன் பாதையைவிட்டு விலகுவதில்லை என்று கேட்டால், ஓரத்தில் இருக்கும் விளிம்பு பிடித்துக்கொள்கிறது என்பார்கள். நேர்ப்பாதையிலும் பெரிய வளைவுகளிலும் அந்த விளிம்புக்குப் பெரிதாக வேலை இல்லை. சில்லு தட்டையானதல்ல, கூம்பின் துண்டுபோல உள்பக்கம் சற்றுப் பெரிதாக இருக்கும். இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் இறுகியவை. அச்சு வலப்பக்கம் விலகினால் வலச்சில்லு தன் பெரிய விட்டத்தில் உருளும், இடச்சில்லு சிறிய விட்டத்தில் உருளும். அதனால் அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்பும். ஆனால் 8 மீற்றர் ஆரை அந்த உபாயத்துக்கு மிகக் கூர்மையானது. அங்கே விளிம்பு தண்டவாளத்தை உரசிக் கிரீச்சிடும். மலையகப் பாதையின் வளைவுகளில் பெரிய ரயில்கள் எழுப்பும் அதே சத்தம்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். எஞ்சின் 80 கிலோ, பெட்டிகளும் ஆட்களும் 220 கிலோ, மொத்தம் 300 கிலோ. நல்ல பெயாரிங் போட்டால் சமதரையில் அதை உருட்ட 3 கிலோ அளவு தள்ளுவிசை போதும். பத்து வயதுப் பிள்ளை ஒரு கையால் தள்ளும். இரும்புச் சில்லு இரும்பில் நசியாமல் உருளும் அழகு அது. ஆனால் பாதை 50 இற்கு 1 என்று ஏறினால் இன்னும் 6 கிலோ வேண்டும். 50 மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, ரயிலுக்கோ வேலை மூன்று மடங்காகிவிடும். கடுகண்ணாவ ஏற்றம் 44 இற்கு 1. ஒரு காரோட்டி அந்தச் சரிவைக் கவனிக்கவேமாட்டார், அதற்காக மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டார்கள். தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி வந்து நிலையத்தின் கீழாகப் போவதும் உயரத்தை நீளமாக மாற்றுவதற்குத்தான்.

எங்கள் வளவின் ஒரு மூலை தாழ்வு. மணிக்கு 6 கிலோமீற்றரில் அந்த ஏற்றத்தில் ஏற ஏறத்தாழ 150 வாட் போதும். மின்ஸ்கூட்டர்களில் வரும் 24 வோல்ற் 350 வாட் மோட்டர் ஒன்று, 12 வோல்ற் பற்றரி இரண்டு, பத்துக்கு ஒன்றாகச் சுழற்சியைக் குறைக்கப் பற்சில்லும் செயினும். அவ்வளவுதான். சில்லுகளைக் கடைச்சல் பட்டறையில் கடைந்தோம். நீராவி வேண்டாம் என்று முதலே முடிவெடுத்தேன். கொதிகலன் என்பது அமுக்கச் சோதனையும் அனுபவமும் வேண்டிய பொருள், பிள்ளைகள் முழங்கால் உரசி இருக்கும் இடத்தில் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 300 கிலோவை உருட்ட 3 கிலோ போதும், சரிவு 6 கிலோ இழுக்கிறது என்றால், பிரேக் இல்லாமல் விட்ட பெட்டி தானாகவே புறப்படும். ஓசையே இல்லாமல் புறப்படும். நிற்கும் பெட்டிக்குச் சில்லுக்கட்டை வைக்காமல் எவரும் விலகக்கூடாது என்பது எங்கள் முதல் விதி.

சுலபமாக உருளுவது சுலபமாக நிற்காது. உலர்ந்த இரும்பில் இரும்புச் சில்லின் பிடிமானம் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான். தார் வீதியில் ரப்பர் ரயருக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு உண்டு. எஞ்சினில் மட்டும் பிரேக் இருந்தால், 300 கிலோ ரயிலை 80 கிலோவின் பிடிமானம்தான் நிறுத்தவேண்டும். 8 கிலோமீற்றர் வேகத்தில் கணக்குப்படி 4.7 மீற்றர். தண்டவாளம் ஈரமாக இருந்தால் இரட்டிப்பு. வேப்பம்பழம் கொட்டும் காலத்தில் நசிந்த பழம் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும், ஓடமுன் துணியால் துடைக்கிறோம். பெரிய எஞ்சின்கள் சில்லுக்கு முன்னால் மணல் தூவ மணற்பெட்டி வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். அதனால் பயணிகள் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுக்கும் பிரேக் போட்டோம். எல்லாச் சில்லுகளும் பிடித்தால் இரண்டு மீற்றருக்குள் நிற்கிறது. மோட்டரே பிரேக்காகவும் வேலை செய்யும்தான், ஆனால் செயின் அறுந்தால் அது போய்விடும்.

பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். ஒருநாள் அவர்களுக்கு இதைக் காட்டினேன். பெட்டிகளில் ஆட்களுக்குப் பதில் மணல் மூடைகள், பெட்டிப் பிரேக்குகள் விடப்பட்டிருந்தன, எஞ்சின் பிரேக் மட்டும். பிரேக் பிடிக்கும் இடத்தில் ஒரு கோடு கீறி, ரயில் எங்கே நிற்கும் என்று நினைக்கிறீர்களோ அங்கே வெறும் பால்மா ரின்னை வையுங்கள் என்றேன். ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் என்று வைத்தார்கள். சைக்கிள் ஓடிப் பழகிய கணக்கு அது. ரயில் எல்லா ரின்னையும் தட்டிக்கொண்டு ஐந்து மீற்றர் தாண்டி நின்றது. "நிப்பாட்டினாப் பிறகும் போகுது, மாமா" என்றாள் ஒருத்தி. அதே வேகத்தில் சைக்கிளை விட்டுப் பார்த்தோம். ஒரு மீற்றருக்குள் நின்றது.

இது வெறும் விளையாட்டுப் பாடமல்ல. 1990 யூனில் வடபகுதி ரயில் நின்றது. யாழ்தேவி 1956 இலிருந்து ஓடிய பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 யனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியபோது, 24 வயதுக்குட்பட்ட ஒருவர் தன் ஊரில் ரயில் ஓடிக் கண்டதே இல்லை. அந்தக் காலத்தில் பாதைக்குக் குறுக்காக ஒழுங்கைகளும் நடைவழிகளும் உருவாகியிருந்தன. ரயில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்ற கணக்கு சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வளர்ந்தவர்களின் உடம்பில் இல்லை. பாதுகாப்பற்ற கடவைகளில் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் சாரதி ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று கேட்கிறோம். மணிக்கு 90 கிலோமீற்றரில் வரும் ரயில், நல்ல பிரேக் இருந்து உடனே பிடித்தாலும், நிற்க 400 முதல் 500 மீற்றர் எடுக்கும். சாரதி உங்களைக் காண்பது அநேகமாக அதற்குள்தான். நேரே எதிரில் வரும் பெரிய பொருள் உண்மையைவிட மெதுவாக வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றுவது வேறு. இது வடக்குக்கு மட்டும் உரியதுமல்ல. 2005 ஏப்ரலில் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையில் ரயிலுக்கு முன் கடக்க முயன்ற பேருந்தில் 35 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் சேவை நின்றுபோன பிரதேசமல்ல அது.

கடவைகளுக்குக் கேற்றும் சமிக்ஞையும் நிரந்தரக் காவலாளியும் வேண்டும். அது அரசின் பொறுப்பு, பால்மா ரின் அதற்கு ஈடாகாது. ஆனால் அன்று ரின் வைத்த பிள்ளைகள் தங்கள் ஒழுங்கை முகப்புக் கடவையில் இப்போது சைக்கிளை இறங்கி உருட்டுகிறார்கள் என்று அவர்களின் தாய்மார் சொல்கிறார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில விடயங்கள். ஒரு கயிறு இழுத்தால் மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்படும் ஆளி ஒன்றைச் சாரதியின் மணிக்கட்டில் கட்டுங்கள், அவர் விழுந்தால் ரயில் நிற்கும். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கவேண்டும், வயரின் மறுமுனையில் அல்ல. செயினை முழுதாக மூடுங்கள். கடைசிப் பெட்டியில் எப்போதும் வளர்ந்த ஒருவர் இருக்கவேண்டும், அவருடைய கையில் இன்னொரு பிரேக். பெட்டிகளுக்கு இடையிலான இணைப்பைப் பிள்ளைகள் தொடவே கூடாது, விரல் நசிவது அங்கேதான். இடத்தைப் பொறுத்தவரை இரண்டு பரப்பு இல்லாவிட்டால் நீள்வட்டத்தை விட்டுவிட்டு, மதிலோரமாக 20 மீற்றர் நேர்ப்பாதை போடுங்கள். முன்னும் பின்னும் ஓடினாலும் பிள்ளைகளுக்குச் சலிப்பதில்லை. வளைவின் தலைவலி எதுவும் இருக்காது, இரண்டு முனையிலும் முட்டுக்கட்டை மட்டும் உறுதியாக வேண்டும்.

எங்கள் பாதையில் கிணற்றடிக்குப் போகும் நடைவழி குறுக்கிடும் இடம் ஒன்று இருக்கிறது. அம்மா தண்ணீர் அள்ளப் போகும் வழி, அவருக்குக் காது மந்தம். அங்கே கேற் போட்டால் அவர்தான் திறந்து மூடவேண்டிவரும் என்பதால் வேறு ஏற்பாடு செய்திருக்கிறோம். நடைவழிக்கு ஐந்து மீற்றர் முன்னால் பாதையோரம் ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்கிறது. ரயில் அந்தக் கல்லில் முழுதாக நிற்கும், சாரதி எழுந்து இரு பக்கமும் பார்ப்பார், பிறகுதான் புறப்படும். அம்மா வாளியோடு வந்தால் அவர் கடந்து முடியும்வரை ரயில் அங்கேயே நிற்கும்.